பெருந்தொற்று வந்தால் விடுப்பும் சம்பளமும்: தமிழ்நாட்டுத் தனியார் ஊழியருக்கான முழுமையான வழிகாட்டி

'பெருந்தொற்று விடுப்பு' என்று தனியாக ஒரு விடுப்பு நம் தொழிலாளர் சட்டங்களில் கிடையாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் பலருக்கும் இது உறைத்தது. அலுவலகம் மூடிக் கிடக்கிறது, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், கையில் இருப்பதோ கொஞ்சம் சி.எல். (தற்செயல் விடுப்பு). சம்பளம் வருமா என்று கேட்டால் மேலாளருக்கும் பதில் தெரியவில்லை.

அதற்காக உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), கடைகள் நிறுவனங்கள் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், பேறுகாலப் பலன் சட்டம் என்று பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. திரட்டி எடுக்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், தெரியாதவர் தலையில் 'லாஸ் ஆஃப் பே' (சம்பளமில்லா விடுப்பு) விழும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: நீங்கள் வேலைக்கு வராத ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதைப் பொறுத்துதான் பணம் வரும். மாதம் முடிந்த பிறகு அதை மாற்றச் சொல்லி அலைவது பெரும்பாடு. முதல் நாளிலேயே, எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவசர உத்தரவுகளை எவ்வளவு நம்பலாம்?

முதலில் 2020-இல் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அப்போது வெளிவந்த உத்தரவுகளின் நகலை இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சட்டம் இப்படித்தான் சொல்கிறது' என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 20-ஆம் தேதி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் ஓர் அறிவுரை அனுப்பியது. யாரையும் வேலையை விட்டு நீக்காதீர்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள், விடுப்பு எடுத்தவரைப் பணியில் இருப்பவராகக் கருதுங்கள் என்பது அதன் சாரம். அது வெறும் அறிவுரை, கட்டளை அல்ல. மார்ச் 29-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ், மூடியிருக்கும் காலத்துக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவே போட்டது. மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்பே முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போயிருந்தார்கள். ஜூன் 12-ஆம் தேதி நீதிமன்றம், சம்பளம் தராத நிறுவனங்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது.

அதாவது அவசர காலத்தில் வரும் உத்தரவு வந்த வேகத்திலேயே போகவும் செய்யும். அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் புத்தகத்தில் இருக்கும் சட்டங்கள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

படி 1: நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள்?

இதைத் தொற்று வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'இ.எஸ்.ஐ.' என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த உச்சவரம்பு 25,000. உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 112 ரூபாய் சொச்சம்தான். ஆனால் தொற்றுக் காலத்தில் உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான்.

இடையில் சம்பளம் உயர்ந்து 21,000-ஐத் தாண்டினால் உடனே இ.எஸ்.ஐ. போய்விடாது. அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை தொடரும். இது பலருக்குத் தெரியாததால் உரிமையை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது விடுப்புச் சட்டம். கடை, அலுவலகம், ஹோட்டல், ஐ.டி. நிறுவனம் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன்படி ஓராண்டு பணி முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு உண்டு. அது தவிர, நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாள், தற்செயல் விடுப்பாக இன்னும் 12 நாள். பின்னால் சொன்ன இரண்டும் பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உண்டு. 'நீ புதுசு, உனக்கு சிக் லீவ் கிடையாது' என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள். அவர்களுக்கு நியமனக் கடிதமும் நிறுவன விதிமுறையும்தான் ஆதாரம்.

தொழிற்சாலை என்றால் தொழிற்சாலைகள் சட்டம், 1948. ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு. 2025 நவம்பர் 21 முதல், பழைய மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. புதிய தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் பழைய சட்டங்களின் விதிகள் தொடரும் என்று அரசு சொல்லியிருக்கிறது. அதனால் கடிதம் எழுதும்போது 'நடைமுறையில் உள்ள சட்டப்படி' என்று போட்டுக்கொள்வது பாதுகாப்பானது. கடைகள் நிறுவனங்கள் சட்டம் மாநிலச் சட்டம், அதை இந்தத் தொகுப்புகள் நீக்கவில்லை.

படி 2: எந்தக் காரணத்தால் வரவில்லை?

தொற்றுக் காலத்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருக்க நான்கு காரணங்கள் இருக்கலாம். அவருக்கே நோய். அவருக்கு நோய் இல்லை, ஆனால் தொற்றாளரோடு பழகியதால் தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறார். வீட்டில் நோயாளியையோ பள்ளி மூடிய குழந்தைகளையோ பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அல்லது நிறுவனமே மூடியிருக்கிறது. நான்குக்கும் நான்கு விதமான சட்ட நிலை. ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் நான்கையும் 'ஆப்சென்ட்' என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். சம்பளம் போவது அந்தக் கட்டத்தில்தான்.

ஒரே ஆள் ஒரே மாதத்தில் இந்த நான்கு நிலையையும் கடந்து வரலாம். முதல் ஐந்து நாள் தனிமை, பிறகு சோதனையில் தொற்று உறுதி, குணமான பிறகு மனைவிக்கு நோய், அதற்குள் பகுதியே அடைப்பு. அப்படியென்றால் தேதிகளைப் பிரித்து எழுத வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்தக் காரணம் என்று ஒரு தாளில் குறித்து, பக்கத்திலேயே அதற்கான ஆதாரத்தையும் எழுதிவையுங்கள்: சோதனை முடிவு, மருத்துவர் சீட்டு, மாநகராட்சி ஒட்டிய அறிவிப்பின் படம், நிறுவனம் அனுப்பிய செய்தி. பிறகு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் இந்த ஒரு தாள் போதும்.

படி 3: முதல் நாளே எழுதுங்கள்

தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. மேலாளருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். மின்னஞ்சல் பழக்கம் இல்லாத இடமென்றால் வாட்ஸ்அப்பும் பரவாயில்லை, அழிக்காமல் வைத்திருந்தால் போதும். நீளமாக எழுத வேண்டியதில்லை:

'ஐயா, எனக்கு இன்று செய்த சோதனையில் தொற்று உறுதியாகியிருக்கிறது. மருத்துவர் வீட்டில் தனிமையில் இருக்கச் சொல்லியிருக்கிறார். சான்றை இணைத்திருக்கிறேன். இன்றையும் நாளையும் என் கணக்கில் உள்ள நோய் விடுப்பில் கழித்துக்கொள்ளவும். அதற்குப் பிறகு வரும் நாட்களுக்கு இ.எஸ்.ஐ. நோய்ப் பலன் கோருகிறேன். எந்த நாளையும் சம்பளமில்லா விடுப்பாகப் பதிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் விடுப்பு இருப்பு எவ்வளவு என்பதைத் தெரிவிக்கவும்.'

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். கேட்டதற்கு அவர்கள் பதில் எழுதினால் உங்கள் கையில் ஓர் ஆதாரம் சேரும். எழுதாவிட்டால், நீங்கள் கேட்டீர்கள் என்பதாவது பதிவாகியிருக்கும்.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தகவல். சம்பள விடுப்புக்கு 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி மறுப்பார்கள். நோய்க்காக அந்த விடுப்பைக் கேட்டால், நேரத்தோடு விண்ணப்பிக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் அதே 79-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

படி 4: இ.எஸ்.ஐ. நோய்ப் பலன்

இந்தப் படியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டே இருக்க, பலனைக் கேட்கவே தெரியாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, உங்கள் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில், அதாவது ஓராண்டில், 91 நாள் வரை பெறலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும்.

எந்த ஆறு மாதம் என்பதில்தான் குழப்பம் வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை பலன் தரும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் தரும். ஆக ஜூலையில் நோய் வந்தால் பார்க்க வேண்டியது ஜூன் மாதச் சம்பளத்தை அல்ல, போன அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள கணக்கை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம். ஆறு மாதத்துக்கு 90,000. சம்பளம் கணக்கிட்ட நாட்கள் 180 என்று வைத்துக்கொள்வோம். சராசரி நாள் சம்பளம் 500 ரூபாய், அதில் 70 சதவீதம் 350. மருத்துவர் 16 நாளுக்குச் சான்று கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாட்கள், அவற்றுக்கு இ.எஸ்.ஐ. தராது. மிச்சம் 14 நாளுக்கு 350 வீதம் 4,900 ரூபாய். மேலே கொடுத்த கடிதத்தில் முதல் இரண்டு நாளை மட்டும் நிறுவனத்தின் நோய் விடுப்பில் கேட்டது இதற்காகத்தான். அந்த இரண்டு நாளுக்கு நிறுவனம் முழுச் சம்பளம் தரும், பிறகு இ.எஸ்.ஐ. தொடரும். ஒருமுறை பலன் பெற்று முடித்து 15 நாளுக்குள் மறுபடியும் படுத்துவிட்டால், அந்த இரண்டாவது முறைக்குக் காத்திருப்பு நாள் கிடையாது. ஒரு தொற்று போய் அதன் பின்விளைவில் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆகிறவர்களுக்கு இது உதவும்.

ஒரே நாளுக்கு நிறுவனத்தின் சம்பள விடுப்பையும் இ.எஸ்.ஐ. பலனையும் சேர்த்து வாங்க முடியாது. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 63-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அதனால் எதை எப்போது எடுப்பது என்று யோசிக்க வேண்டும். நான்கைந்து நாள் காய்ச்சல் என்றால் நிறுவனத்தின் நோய் விடுப்பே மேல். முழுச் சம்பளம் வரும், அந்த நாட்களுக்கும் பங்களிப்பு கட்டப்படும். மூன்று வாரம், ஒரு மாதம் என்று இழுக்கும் நோய் என்றால் இ.எஸ்.ஐ.யில் போட்டுவிட்டு, சொந்த விடுப்பைக் குணமான பிறகு வரும் பலவீன நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் இதுதான் சரியான வரிசை. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: இருக்கிற இ.எல்.லை (சம்பள விடுப்பை) எல்லாம் முதலில் கரைத்துவிட்டு, பிறகு கையைப் பிசைகிறார்கள்.

எப்படி வாங்குவது? நோய் தெரிந்த அன்றே உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் வீட்டில் ஒருவரை உங்கள் ஐ.பி. எண்ணோடும் (காப்பீட்டாளர் எண்) சோதனை முடிவோடும் அனுப்புங்கள். பின்தேதியிட்ட சான்று எளிதில் கிடைக்காது என்பதால் தாமதிக்காதீர்கள். மருத்துவர் கொடுக்கும் சான்றையும் 9-ஆம் எண் படிவத்தையும் கிளை அலுவலகத்தில் சேர்த்தால், பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கணக்கு எண்ணும் ஆதாரும் பதிவில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில் சேர வேண்டி வந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, சோதனை முடிவு, ரசீது எல்லாவற்றையும் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டுங்கள். சூழ்நிலை நியாயப்படுத்தினால் வேறு ஆதாரத்தையும் ஏற்கக் கழகத்துக்கு விதியில் இடம் இருக்கிறது.

பலன் வாங்கும் காலத்தில் வேலை செய்யக் கூடாது. வீட்டிலிருந்தபடி 'கொஞ்சம் மெயில் மட்டும் பார்த்துக்கொள்' என்று மேலாளர் சொன்னால், மருத்துவ விடுப்பில் இருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வேலை செய்த நாளுக்குப் பலன் இல்லை என்பது சட்டம், சிக்கல் உங்களுக்குத்தான் வரும்.

நோய்ப் பலன் பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ, பதவியிறக்கவோ, தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் கொடுத்த நீக்க அறிவிப்பு செல்லாது. இது அதே 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு. இந்த எண்ணை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் உங்களிடம் பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை என்றால்? அதற்கும் வழி உண்டு. அதே சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி கழகம் உங்களுக்குப் பலனைக் கொடுத்துவிட்டு, அதை நிறுவனத்திடம் வசூலிக்க முடியும். அதனால் கிளை அலுவலகத்தில் 'பணம் கட்டவில்லையே' என்று சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகளோடு மனுக் கொடுங்கள்.

படி 5: நோய் இல்லாத தனிமை நாட்கள்

சிக்கலான இடம் இது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் பார்வையில் நோய் என்றால் சிகிச்சையும் தேவைப்பட வேண்டும், மருத்துவக் காரணத்தால் வேலையைத் தவிர்க்கவும் வேண்டும். அறிகுறியே இல்லாமல் தனிமையில் இருப்பவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது மருத்துவர் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. அதனால் சுகாதாரத் துறையோ மருத்துவரோ இன்ன தேதிவரை வேலைக்குப் போகக் கூடாது என்று சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையென்றால், அந்த நாட்களை வேலை நாளாகவே கருதச் சொல்லிக் கேளுங்கள். நோய் இல்லாதவருக்கு விடுப்பு எதற்கு? கணினி, இணையம் தர நிறுவனத்தால் முடியவில்லை என்றால் அது உங்கள் குறை அல்ல.

இங்கே மத்திய அரசு தன் ஊழியர்களுக்குச் செய்ததை ஒரு முன்மாதிரியாகக் காட்டலாம். 2021 ஜூன் மாத உத்தரவில், தொற்று உறுதியானவருக்கு 20 நாள் வரை விடுப்பு, குடும்பத்தில் சார்ந்திருப்பவருக்கோ பெற்றோருக்கோ தொற்று என்றால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு, தொற்றாளரோடு பழகி வீட்டுத் தனிமையில் இருப்பவருக்கு 7 நாள் பணியில் இருந்ததாகவே கணக்கு என்று வகுத்திருந்தார்கள். தனியார் நிறுவனத்தை இது கட்டுப்படுத்தாது. ஆனால் சங்கமோ ஊழியர் குழுவோ பேச உட்காரும்போது, இந்த மூன்று பிரிவையும் அப்படியே மேசையில் வைத்துக் கேட்கலாம். அரசே ஏற்றுக்கொண்ட அளவுகோல் என்பதால் மறுப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள எடுக்கும் நாட்களுக்குத் தனியார் துறையில் தனி விடுப்பு இல்லை. தற்செயல் விடுப்பு, சம்பள விடுப்பு இரண்டும்தான். இருந்தாலும் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் தொற்றாளரோடு பழகியவரும்தானே. அந்த அடிப்படையில் தனிமைக்கான எழுத்து வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் குடும்பத்தினருக்கும் மருத்துவம் உண்டு என்பதால் செலவாவது குறையும்.

படி 6: நிறுவனமே மூடியிருந்தால்

'ஊரடங்கு நாட்களை உங்கள் இ.எல்.லில் கழித்துக்கொள்கிறோம்' என்று ஒரு சுற்றறிக்கை வரும். உடனே சரி என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விடுப்பு என்பது நீங்கள் கேட்டு எடுப்பது. வேலை தர முடியாமல் நிறுவனம் அனுப்பிவைத்த நாட்களுக்குச் சட்டத்தில் வேறு கணக்கு இருக்கிறது, அதைத்தான் லே-ஆஃப் என்கிறோம். மூலப்பொருள் பற்றாக்குறை, மின்சாரம் இல்லாமை போன்ற காரணங்களோடு இயற்கைப் பேரிடரும் அதன் வரையறையில் இருக்கிறது.

ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஓராண்டுத் தொடர்ப் பணி முடித்த தொழிலாளிக்கு லே-ஆஃப் நாட்களில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் இழப்பீடாகத் தர வேண்டும். பாதிச் சம்பளம்தான், ஆனால் உங்கள் விடுப்பு இருப்பு அப்படியே இருக்கும். லே-ஆஃப் நாட்கள், விடுப்புத் தகுதிக்கான அந்த 240 நாள் கணக்கிலும் சேரும். அந்த நாட்களுக்கு விடுப்பு சேராது, அவ்வளவே.

இழப்பீடு பெற, நாளுக்கு ஒருமுறை குறித்த நேரத்தில் வேலையிடத்துக்கு வந்து காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. போக்குவரத்தே இல்லாத நாளில் எப்படிப் போவது? 'வேலைக்குத் தயாராக இருக்கிறேன், ஊரடங்கு காரணமாக நேரில் வர இயலவில்லை' என்று தினமும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் அனுப்புங்கள்.

சிறு கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு இந்த லே-ஆஃப் விதி பொருந்தாது. அங்கே பேச்சுவார்த்தைதான். அப்போது முழு இ.எல்.லையும் கழிக்கவிடாமல், மூடிய நாட்களில் பாதிக்கு விடுப்பு, மீதிக்கு நிறுவனப் பொறுப்பு என்று பேசுங்கள். சம்பளமில்லா விடுப்பாகப் போடுவதை மட்டும் கடைசிவரை தவிர்க்கப் பாருங்கள். அப்படிப் போட்ட நாளுக்கு இ.எஸ்.ஐ. பங்களிப்பு இல்லை. 78 நாள் கணக்கு குறைந்தால், ஆறு மாதம் கழித்து நோய் வரும்போது பலனும் இல்லாமல் போகும்.

படி 7: கர்ப்பிணிகள்

பேறுகால விடுப்பு 26 வாரம். இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் இருந்தால் 12 வாரம். தொற்றைக் காட்டி இதில் ஒரு நாளும் குறைக்க முடியாது, நிறுவனம் மூடியிருந்த நாட்களை இதில் சேர்த்து முன்கூட்டியே விடுப்பைத் தொடங்கிவைக்கவும் முடியாது. பிரசவத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் எடுக்கச் சொல்லவே சட்டத்தில் இடமில்லை. கர்ப்பத்தால் வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம் சம்பள விடுப்பு உண்டு. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யவும் சட்டமே வழி சொல்கிறது. தொற்று நேரத்தில் கைக்குழந்தையோடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் எழுதிக் கேட்க வேண்டும்.

படி 8: ஒப்பந்தத் தொழிலாளர்கள்

ஒப்பந்ததாரர் போனை எடுக்கவில்லை என்றால் முதன்மை நிறுவனத்தின் வாசலில் போய்க் கேட்கலாம், அது உங்கள் உரிமை. ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை நிறுவனம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. அடையாள அட்டை, கேட் பாஸ், வருகைப் பதிவின் படம் எதையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

படி 9: இடைவெளியைச் சமாளிக்கும் பணம்

2020 மார்ச்சில் பி.எஃப். கணக்கிலிருந்து தொற்றுக்கென முன்பணம் எடுக்க அனுமதித்தார்கள். மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அது. 2021-இல் இரண்டாம் முறையும் எடுக்கவிட்டார்கள். 2024 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நோய்க்கான காரணத்தில் எடுக்கும் வழி இருக்கிறது. இது உங்கள் முதுமைக்கான பணம் என்பதால், இ.எஸ்.ஐ. பலனும் விடுப்புச் சம்பளமும் வாங்கிய பிறகும் பற்றாவிட்டால் மட்டும் கை வையுங்கள்.

வேலையே போய்விட்ட இ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கு அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் இருக்கிறது. 2020 மார்ச் 24 முதல் அதன் உதவித்தொகையைச் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக, 90 நாள் வரை, உயர்த்தினார்கள். அந்தத் தளர்வு அவ்வப்போது நீட்டிக்கப்படும் ஒன்று. விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பில் உள்ள தகுதி என்னவென்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 10: மறுத்தால் யாரிடம் போவது?

முதலில் நிறுவனத்துக்கே தேதிவாரியாக ஒரு மனு. படி 2-இல் சொன்ன அந்தத் தாள், கடிதங்கள், சம்பளச் சீட்டு நகல் இணைத்து, ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கோபமாக எழுத வேண்டாம், தேதியும் தொகையும் பேசட்டும்.

பதில் இல்லையென்றால், கடை, அலுவலகம் என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் நலத்துறை அலுவலகம். தொழிற்சாலை விடுப்பு என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இ.எஸ்.ஐ. என்றால் கிளை அலுவலகம், அதற்கு மேல் சென்னை மண்டல அலுவலகம் அல்லது கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலியில் உள்ள துணை மண்டல அலுவலகம். அங்கேயும் தீராவிட்டால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம். தரப்படாத சம்பளத்தைக் கோர ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. இருந்தாலும் நாள் ஆக ஆக வருகைப் பதிவேடு காணாமல் போகும், உடன் வேலை செய்தவர்கள் வேறு இடம் போய்விடுவார்கள், சாட்சிக்கு ஆள் கிடைக்காது.

வேலையை விட்டே நீக்கிவிட்டால் இன்னும் வேகம் தேவை. கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் வருபவர் ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியிருந்தால், நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும், அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. 41-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்களாகவே விலகினீர்கள் என்று ஆகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் நிற்காது.

வேலைக்குத் திரும்பும்போது

மருத்துவரிடம் ஃபிட்னஸ் சான்று வாங்கி, நகலை வைத்துக்கொண்டு அசலைக் கொடுங்கள். அந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் விடுப்பு இருப்பையும் சம்பளமில்லா நாட்களையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் அன்றே கேளுங்கள். கடைசியாக, இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் ஐ.பி. எண்ணால் நுழைந்து, அந்த மாதத்துக்கு எத்தனை நாள் பங்களிப்பு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். குறைத்துக் காட்டியிருந்தால் திருத்தச் சொல்லி ஹெச்.ஆருக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் கிளை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.